கார்டும் கெடவில்லை, கேமராவும் கெடவில்லை

என் அக்கா மகள் விழுப்புரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். செல்போனில் எடுக்கும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, இருபது வருடத்துக்கு முந்தைய டிஜிட்டல் கேமராவில் எடுத்த படம்தான் இப்போது ஃபேஷன் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். 2005-ல் அவள் அப்பா சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்தபோது வாங்கி வந்த 5 மெகா பிக்சல் கேமரா ஒன்று திருவெண்ணெய்நல்லூரில் எங்கள் வீட்டு பீரோவில் கிடந்தது. இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் ஓடும். உள்ளே இருந்த மெமரி கார்டு எங்கேயோ தொலைந்து போயிருந்தது. அதனால் என்ன, கார்டுதானே, வாங்கிக் கொள்ளலாம் என்று விழுப்புரத்தில் ஒரு கடையில் 32 ஜி.பி. கார்டு ஒன்றை வாங்கினாள். அடாப்டரில் செருகிக் கேமராவில் போட்டாள். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. கேமராவை ஆன் செய்தால் திரையில் 'கார்டு எரர்' என்று வந்து நின்றது.

மறுநாள் கடைக்குப் போனாள். கடைக்காரர் அதே கார்டைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். கார்டு பிரமாதமாக வேலை செய்தது. "கார்டுல ஒண்ணும் இல்லம்மா, கேமரா போயிடுச்சு. எடைக்குத்தான் போடணும்" என்று சொல்லி அனுப்பி விட்டார். பாக்கெட்டைப் பிரித்து விட்டதால் கார்டைத் திரும்ப எடுத்துக் கொள்ளவும் இல்லை.

அவளும் நம்பி விட்டாள். பழைய இரும்பு, பேப்பர் வாங்குகிறவர் தெருவில் வந்த அன்று, உடைந்த மிக்ஸியோடு சேர்த்து அந்தக் கேமராவையும் எடுத்து வெளியே வைத்திருந்தார்கள். நான் தற்செயலாக அன்று ஊரில் இருந்தேன். கேமராவை எடுத்துக் கார்டை உருவி விட்டு வெறுமனே ஆன் செய்தேன். அந்தக் காலத்துக் கேமராக்கள் பலவற்றில் கார்டு இல்லாவிட்டாலும் சில படங்கள் எடுக்கும் அளவுக்கு உள்ளேயே கொஞ்சம் மெமரி வைத்திருப்பார்கள். இதில் 16 எம்.பி. இருந்தது. அதில் ஏழு படங்கள் இருந்தன. ஏழும் என் அம்மா. திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக் கொண்டிருக்கிறார். கடைசிப் படத்தில் 'போடா, வேற வேலை இல்ல' என்கிற மாதிரி கையை நீட்டி மறைக்கிறார். அம்மா 2009-ல் போய் விட்டார். இந்தப் படங்கள் இருப்பதே எங்களில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

என் டேபிள் டிராயரில் கிடந்த பழைய 1 ஜி.பி. கார்டைப் போட்டதும் கேமரா மறுபேச்சு இல்லாமல் படம் எடுத்தது. ஆக, கார்டும் நன்றாக இருந்தது, கேமராவும் நன்றாக இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று பேசிக் கொள்ளவில்லை, அவ்வளவுதான். இந்த விஷயத்தை விற்கிறவரும் சொல்லவில்லை, கார்டின் பாக்கெட்டும் சொல்லவில்லை. என் கோபம் எல்லாம் இதன் மேல்தான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் வாசகர்களும் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு இந்த இடத்தில் வந்து நிற்கப் போகிறீர்கள். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏன் பேசிக் கொள்ளவில்லை?

எஸ்.டி. கார்டை 1999-ல் பானாசோனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்தன. அடுத்த வருடமே அதன் விதிகளைக் கவனித்துக் கொள்ள எஸ்.டி. அசோசியேஷன் என்ற அமைப்பு உருவானது. அந்த முதல் விதிகளின்படி ஒரு கார்டின் அளவு 2 ஜி.பி.யைத் தாண்டாது. அப்போது 64 எம்.பி. கார்டே பெரிய விஷயம். 2 ஜி.பி. என்றால் ஆயுசுக்கும் போதும் என்று நினைத்திருப்பார்கள்.

இந்த 2 ஜி.பி. எங்கிருந்து வந்தது? அந்தக் கார்டுகளில் பைல்களை அடுக்கி வைத்த முறைக்கு ஃபாட் 16 என்று பெயர். அந்த முறையில் கார்டை அதிகபட்சம் சுமார் 65,000 அறைகளாகத்தான் பிரிக்க முடியும். ஒரு அறை அதிகபட்சம் 32 கே.பி. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 2 ஜி.பி. வரும்.

இதற்கு அடியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய கருவி கார்டில் ஓர் இடத்தைக் கேட்க வேண்டும் என்றால் 'இத்தனையாவது பைட்டைக் கொடு' என்று எண்ணைச் சொல்லிக் கேட்கும். அந்த எண்ணுக்கு ஒதுக்கப்பட்டது 32 பிட். 32 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அதாவது 4 ஜி.பி. அதற்கு மேல் கார்டில் இடம் இருந்தாலும் அதைக் கூப்பிட எண் கிடையாது. நிலத்தை அடி அடியாக எண் போட்டு அளந்தால் பதிவேடு சீக்கிரம் நிரம்பி விடும் அல்லவா, அது போல. அதனால் 2006-ல் விதியை மாற்றினார்கள். இனி அடிக்கு ஒரு எண் இல்லை, 512 பைட் கொண்ட ஒரு துண்டுக்கு ஒரு எண், சர்வே நம்பர் மாதிரி. எண்களின் எண்ணிக்கை அதேதான், ஆனால் அளக்கக்கூடிய நிலம் 512 மடங்கு. இந்தப் புது வகைக்கு எஸ்.டி.எச்.சி. என்று பெயர். இது 32 ஜி.பி. வரை போகும். 2009-ல் எஸ்.டி.எக்ஸ்.சி. வந்தது, அது 2 டி.பி. வரை. 2018-ல் எஸ்.டி.யு.சி. வந்தது, அது 128 டி.பி. வரை.

இப்போது எங்கள் 2005 கேமராவுக்கு வருவோம். கேமராவை ஆன் செய்ததும் அது கார்டைப் பார்த்து 'தயாரா?' என்று கேட்கும். எஸ்.டி.எச்.சி. கார்டு, 'எனக்குப் பெரிய கார்டுகளின் கணக்குத் தெரியும்' என்று கேமரா முதலில் சொன்னால்தான் 'தயார்' என்று பதில் சொல்லும். 2006-க்கு முன்பு பிறந்த கேமராவுக்கு அப்படி ஒரு வார்த்தை இருப்பதே தெரியாது. அது கேட்டுக் கொண்டே இருக்கும், கார்டு பதில் சொல்லாமலே இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்து விட்டுக் கேமரா 'கார்டு எரர்' என்று போட்டு விடும். சில கருவிகள் 'கார்டு இல்லை' என்றே சொல்லும். உண்மையில் கார்டு இப்படி வாயை மூடிக் கொண்டு இருப்பதும் நல்லதுக்குத்தான். கணக்குத் தெரியாத கருவி உள்ளே புகுந்து எழுதினால், முதல் படம் எழுத வேண்டிய இடத்தில் வேறு எதையாவது அழித்து வைக்கும்.

இதனால்தான் 'கார்டை 2 ஜி.பி. பார்ட்டிஷனாகப் பிரித்துப் போடு, வேலை செய்யும்' என்ற யோசனை பலிப்பதில்லை. கார்டு எவ்வளவு சிறியதாகப் பிரிக்கப்பட்டிருந்தாலும் அது எஸ்.டி.எச்.சி. கார்டுதான். மைக்ரோ எஸ்.டி.யைச் செருகும் அடாப்டரும் இதற்கு உதவாது. அது வெறும் பிளாஸ்டிக் சட்டை, உள்ளே கம்பிகள் மட்டும்தான் போகின்றன. அதற்கு மொழிபெயர்க்கத் தெரியாது.

டெக்னாலஜி வளரக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாக வளரட்டும். 2 ஜி.பி.யிலேயே நின்றிருந்தால் இன்று ஒரு கல்யாண வீடியோவைக் கூடக் கார்டில் எடுக்க முடியாது. புது விதி தேவைதான். என் கேள்வி வேறு. உள்ளே இருக்கும் பேச்சு மாறி விட்டது, ஆனால் வெளியே உருவத்தை ஏன் அப்படியே வைத்தார்கள்?

நம் வீட்டு ப்ளக்கைப் பாருங்கள். ஃபேனுக்கும் டி.வி.க்கும் சின்ன ப்ளக், கீஸருக்குப் பெரிய ப்ளக். பெரிய ப்ளக்கைச் சின்ன சாக்கெட்டில் சொருக முயன்றால் போகவே போகாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்து விடும். மெமரி கார்டில் இந்த மரியாதை நமக்குக் கிடைக்கவில்லை. கார்டு நுழைகிறது, 'டிக்' என்று பூட்டிக் கொள்கிறது, பிறகுதான் வேலை செய்ய மாட்டேன் என்கிறது. வித்தியாசம் என்று பார்த்தால் கார்டின் ஓரத்தில் எஸ்.டி. என்ற லோகோவுக்குக் கீழே எச்.சி. அல்லது எக்ஸ்.சி. என்று எள் அளவில் இரண்டு ஆங்கில எழுத்துகள்.

நிறுவனங்களின் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லி விடுகிறேன். உருவத்தை மாற்றாமல் விட்டதால்தான் புதுக் கேமரா வாங்கியவர்கள் தங்கள் பழைய கார்டுகளைத் தூக்கிப் போடாமல் அதிலேயே போட்டுக் கொள்ள முடிந்தது. இது நல்ல விஷயம். ஆனால் நன்மை எல்லாம் புதுக் கருவி வாங்குகிறவருக்குத்தான். பழைய கருவியை வைத்துக் கொண்டு கார்டு மட்டும் வாங்குகிறவருக்கு ஏமாற்றம்தான்.

இது எஸ்.டி.யோடு தொடங்கிய நோயும் அல்ல. சோனி 1998-ல் கொண்டு வந்த மெமரி ஸ்டிக் 128 எம்.பி.யோடு நின்று போனது. 2003-ல் வந்த மெமரி ஸ்டிக் புரோ பழைய கருவிகளில் வேலை செய்யவில்லை. ஒலிம்பஸும் ஃப்யூஜியும் 2002-ல் எக்ஸ்.டி. பிக்சர் கார்டு என்று தனியாக ஒன்றைக் கொண்டு வந்தன. சில வருடங்களில் அவர்களும் எஸ்.டி. பக்கமே வந்து விட்டார்கள். சோனியும் 2010-ல் எஸ்.டி.யைச் சேர்த்துக் கொண்டது. அந்தக் கார்டுகளை மட்டுமே ஏற்கும் கேமராக்கள் எத்தனை வீட்டு பீரோக்களில் கிடக்கின்றனவோ.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருவெண்ணெய்நல்லூர் என்றால் பெரிய புராணம் தெரிந்தவர்களுக்குச் சுந்தரர் வழக்குதான் ஞாபகம் வரும். கல்யாணப் பந்தலில் வந்து 'நீ எனக்கு அடிமை' என்று வழக்காடிய கிழவர் காட்டிய படி ஓலையைச் சுந்தரர் கிழித்துப் போட்டு விட, மூல ஓலையை எங்கள் ஊர்ச் சபையில் கொண்டு வந்து காட்டினார் கிழவர். அதை வாசித்துப் பார்த்து, சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்து வேறு ஓர் ஓலையில் இருந்ததை எடுத்து வந்து ஒத்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். பாட்டன் எழுதியதைப் பேரன் காலத்தில் பிரித்துப் படிக்க முடிந்திருக்கிறது. படிப்பதற்குக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. நம் படங்கள் அப்படி இல்லை. நடுவில் ஒரு கருவி வேண்டும், அந்தக் கருவிக்குக் கார்டின் மொழியும் தெரிந்திருக்க வேண்டும்.

மனம் வைத்தால் முடியும்

பழைய கருவிக்குப் புதுக் கார்டைப் புரிய வைக்கவே முடியாது என்று நினைத்து விடாதீர்கள். பல கருவிகளில் அது சாஃப்ட்வேர் விஷயம்தான். நின்டெண்டோவின் வீ என்ற விளையாட்டுக் கருவி 2006-ல் வந்தபோது 2 ஜி.பி. வரைதான் கார்டு எடுத்துக் கொண்டது. 2009 மார்ச்சில் அந்த நிறுவனம் ஓர் அப்டேட் கொடுத்தது. அதே கருவி, அதே ஸ்லாட், 32 ஜி.பி. வரை எடுத்துக் கொள்ள ஆரம்பித்தது. மைக்ரோசாஃப்டும் விண்டோஸ் எக்ஸ்பிக்கு எஸ்.டி.எச்.சி. கார்டுகளுக்கான திருத்தம் ஒன்றை வெளியிட்டது. 2009-ல் எக்ஸ்ஃபாட் முறையைப் படிக்கும் அப்டேட்டையும் எக்ஸ்பிக்குக் கொடுத்தது.

கேமரா நிறுவனங்களும் சில மாடல்களுக்கு இப்படி ஃபர்ம்வேர் அப்டேட் கொடுத்தன. ஆனால் விலை குறைந்த சின்னக் கேமராக்களுக்கும் ஆடியோ பிளேயர்களுக்கும் பெரும்பாலும் இது கிடைக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள்தான். ஆனாலும் விற்று முடித்த பொருளுக்கு உழைக்க யாருக்கும் ஆர்வம் இல்லை.

இதை விட ஆபத்தான ஒன்று

கேமராவில் 'கார்டு எரர்' வந்தால் பணம் நஷ்டம், அவ்வளவோடு போயிற்று. கம்ப்யூட்டரில் வரும் ஒரு கேள்வி அதை விடப் பொல்லாதது.

அரசூர்ப் பக்கம் ஒரு நண்பர், பையன் டைப்பிங் பழகட்டும் என்று செகண்ட் ஹேண்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். விண்டோஸ் எக்ஸ்பி போட்டது. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே கைகழுவி விட்ட சிஸ்டம், இருந்தாலும் டைப்பிங்குக்குப் போதும். அதில் கார்டு ரீடரும் இருந்தது. தன் செல்போனில் இருந்த 64 ஜி.பி. கார்டைக் கழற்றி அதில் போட்டார். பெரிய பெண்ணின் சீமந்தப் படங்கள் முழுக்க அதில்தான். உடனே ஒரு பெட்டி வந்தது. 'இந்த டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை. இப்போது ஃபார்மட் செய்ய வேண்டுமா?' என்று ஆங்கிலத்தில் கேட்டது. கீழே எஸ், நோ என்று இரண்டு பட்டன்.

நல்ல வேளை, எஸ் அழுத்துவதற்கு முன் எனக்கு போன் செய்தார். "தம்பி, ஃபார்மட் பண்ணலன்னு சொல்லுது, பண்ணிடட்டுமா?" என்றார். நான் கத்திய கத்தலில் அவர் மவுஸையே கீழே போட்டு விட்டார்.

அந்தக் கார்டு நன்றாகத்தான் ஃபார்மட் ஆகியிருந்தது. 32 ஜி.பி.க்கு மேற்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. கார்டுகள் எக்ஸ்ஃபாட் என்ற முறையில் வருகின்றன. நான் மேலே சொன்ன 2009 அப்டேட் போடாத எக்ஸ்பிக்கு எக்ஸ்ஃபாட் தெரியாது. தனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று ஒத்துக் கொள்வதற்குப் பதில், இதில் எழுத்தே இல்லை, துடைத்து விடட்டுமா என்று கேட்கிறது! எனக்குத் தெரிந்து இவ்வளவு பொறுப்பில்லாத கேள்வியைக் கம்ப்யூட்டர் வேறு எங்கும் கேட்பதில்லை. எஸ்.டி.எச்.சி. காலத்துக் கேமராக்கள் சிலவும் பெரிய கார்டைப் பார்த்தால் இதே போலத்தான் கேட்கும். அதே கார்டை என் லேப்டாப்பில் போட்டோம். ஒரு படம் குறையாமல் எல்லாம் இருந்தன.

எனவே எந்தக் கருவியாவது ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டால், அந்தக் கார்டில் ஏற்கெனவே ஏதாவது வைத்திருக்கிறீர்கள் என்றால், பதில் எப்போதும் 'நோ'தான். கார்டை எடுத்து வேறு புதிய கம்ப்யூட்டரிலோ அந்தக் கார்டு முதலில் இருந்த செல்போனிலோ போட்டுப் பாருங்கள். தெரியாமல் எஸ் அழுத்தி விட்டீர்களா? அந்த நிமிடத்திலிருந்து அந்தக் கார்டில் ஒரு படம் கூடப் புதிதாக எடுக்காதீர்கள், எதையும் காப்பி செய்யாதீர்கள். போட்டோரெக் என்ற இலவச சாஃப்ட்வேர் மூலம் பெரும்பாலும் கணிசமான படங்களை மீட்டு விடலாம். மேலே எதையாவது எழுதி விட்டால்தான் மீட்பது கடினம்.

இதே எக்ஸ்ஃபாட் பிரச்சினை எங்கள் தெரு மைக் செட் அண்ணனையும் மார்கழியில் படுத்தி விட்டது. அவருடைய ஆம்ப்ளிஃபையரில் கார்டு போட்டுப் பாட்டுப் போடும் வசதி உண்டு. பழைய கார்டு தேய்ந்து போனதால் 64 ஜி.பி. கார்டு ஒன்று வாங்கி, திருவெம்பாவை, திருப்பாவை எல்லாம் ஏற்றிக் கொண்டு வந்தார். விடியற்காலை நாலரை மணிக்குக் கோயில் வாசலில் போட்டால் பிளேயர் 'நோ கார்டு' என்கிறது. அன்று ஊர் எழுந்தது சேவல் கூவித்தான்.

இந்த வகைக்கு மட்டும் ஒரு மருந்து உண்டு. எஸ்.டி.எச்.சி. தெரிந்த கருவி பெரும்பாலும் எஸ்.டி.எக்ஸ்.சி. கார்டோடு பேசி விடும், எக்ஸ்ஃபாட்தான் அதற்குப் புரிவதில்லை. கார்டில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் காப்பி செய்து வைத்துக் கொண்டு, கார்டை ஃபாட் 32 முறையில் ஃபார்மட் செய்தால் பல பிளேயர்கள் எடுத்துக் கொள்ளும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டி 32 ஜி.பி.க்கு மேல் ஃபாட் 32 தராமல் தகராறு செய்து வந்திருக்கிறது. ரூஃபஸ் போன்ற இலவச சாஃப்ட்வேரில் செய்து கொள்ளலாம். ஆனால் ஃபாட் 32-ல் ஒரு பைல் 4 ஜி.பி.க்கு மேல் இருக்க முடியாது. பாட்டுக்குப் பரவாயில்லை, வீடியோவுக்கு இடிக்கும். இன்னொன்று, எல்லாக் கருவிகளிலும் இது பலிக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். 2006-க்கு முந்தைய கேமராவில் நிச்சயம் பலிக்காது.

கடையில் என்ன கேட்பது?

கருவியையே கையோடு எடுத்துக் கொண்டு போங்கள். இதை விட நல்ல வழி இல்லை. செருப்பு வாங்கப் போனால் காலை வீட்டில் விட்டு விட்டா போகிறோம்? கார்டைப் போட்டு ஒரு படம் எடுத்து, கேமராவை ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்து அந்தப் படம் வருகிறதா என்று பார்த்து விட்டுப் பணம் கொடுங்கள். எடுத்துப் போக முடியாவிட்டால் ஸ்லாட்டின் பக்கத்தில் இருக்கும் லோகோவைச் செல்போனில் படம் எடுத்துக் கொண்டு போங்கள். வெறும் எஸ்.டி. என்று இருந்தால் 2 ஜி.பி. வரை. எஸ்.டி.எச்.சி. என்று இருந்தால் 32 ஜி.பி. வரை. எஸ்.டி.எக்ஸ்.சி. என்று இருந்தால் இந்த இரண்டையும் சேர்த்து 2 டி.பி. வரை ஓடும்.

2 ஜி.பி. கார்டு இன்று கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், கொள்ளளவைப் பார்த்தால் 32 ஜி.பி. கார்டை விட யானை விலை. பழைய செல்போன் ரிப்பேர் செய்யும் கடைகளில் விசாரித்தால் ஒன்றிரண்டு டப்பாவின் அடியில் கிடக்கும். ஒரு காலத்தில் 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று போர்டு மாட்டியிருந்த கடைகள் ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கடைகள்தான். பெரிய அளவு எழுதி மிக மலிவாக விற்கும் கார்டுகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். உள்ளே 4 ஜி.பி.யை வைத்துக் கொண்டு 64 என்று பொய் சொல்லும் போலிக் கார்டுகள் உண்டு. அது வேறு கதை, அதைத் தனியாகவே எழுத வேண்டும்.

பில் வாங்க மறக்காதீர்கள். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக் கொள்ள மறுப்பதும் அப்படியே. ஆனால் நம் விஷயத்தில் கடைக்காரர் சுலபமாகத் தப்பித்துக் கொள்வார். கார்டில் குறையே இல்லையே! என் அக்கா மகளுக்கு அவர் காட்டியதும் அதைத்தானே. அதனால் வாங்கும்போதே 'இந்தக் கேமராவுக்கு' என்று மாடலைச் சொல்லிக் கேளுங்கள், முடிந்தால் பில்லிலும் அதை எழுதச் சொல்லுங்கள். இந்த மாடலுக்குப் பொருந்தும் என்று எழுதிக் கொடுத்து விட்டுப் பொருந்தாத கார்டைக் கொடுத்திருந்தால் அப்போது நம் கையில் ஆதாரம் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். விழுப்புரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கூடக் கிடையாது.

சில நூறு ரூபாய்க் கார்டுக்காக யார் வேலையை விட்டு விட்டு ஆணையத்துக்குப் போவார்கள்? யாரும் போக மாட்டோம் என்பது விற்கிறவர்களுக்கும் நன்றாகத் தெரியும். நான் கடைக்காரரை மட்டும் குறை சொல்லவில்லை. சின்ன ஊர்க் கடையில் கவுன்டரில் நிற்கும் பையனுக்கு இந்த 2006 கதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவனுக்கும் அதே பாக்கெட்தான், அதே எள் எழுத்துதான்.

சட்டம் பாக்கெட்டின் மேல் விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், வருடம், புகார் செய்ய வேண்டிய எண் எல்லாம் அச்சிட வேண்டும் என்கிறது. எதில் ஓடும், எதில் ஓடாது என்பதையும் அதில் சேர்த்தால் என்ன? நம் நாட்டில் உணவுப் பாக்கெட்டுகளில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி போடுகிறார்கள். எந்த மொழி தெரிந்தவரும், எந்த மொழியும் படிக்கத் தெரியாதவரும் அதைப் பார்த்து வாங்குகிறார்கள். மெமரி கார்டுக்கும் கருவியின் ஸ்லாட்டுக்கும் இப்படி நிறத்தில் ஒரு புள்ளி வைக்க என்ன செலவு ஆகி விடும்? எஸ்.டி.க்கு ஒரு நிறம், எச்.சி.க்கு ஒரு நிறம், எக்ஸ்.சி.க்கு ஒரு நிறம். ஸ்லாட்டில் இருக்கும் நிறம் கார்டில் இல்லையென்றால் வாங்க வேண்டாம். அவ்வளவு போதும். எழுத்தை வைத்துக் கொண்டு இருபது வருடமாக நம்மை அலைய விட்டது போதாதா?

இப்போதே செய்தால்தான் உண்டு. ஏனென்றால் அடுத்த தலைமுறைக் கார்டும் வந்து விட்டது. 2019-ல் அறிவித்த மைக்ரோ எஸ்.டி. எக்ஸ்பிரஸ் என்ற வகை இது. 2025 ஜூனில் வெளிவந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கருவியில் விளையாட்டுகளைப் பதிந்து வைக்க இந்த எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேண்டும். சாதாரண மைக்ரோ எஸ்.டி.யைப் போட்டால் முன்பு எடுத்து வைத்த படங்களையும் வீடியோக்களையும் மட்டும் எடுத்துக் கொள்ளலாம். 'பழைய கார்டு புதுக் கருவியில் எப்படியும் ஓடும்' என்று இவ்வளவு நாள் சொல்லிக் கொண்டிருந்தோமே, அதற்கும் இங்கே ஓட்டை விழுந்து விட்டது. இந்தக் கார்டும் பார்வைக்கு அச்சு அசலாகப் பழைய மைக்ரோ எஸ்.டி. மாதிரியேதான் இருக்கிறது!

கடைசியில் எங்கள் ஊரில் என்ன ஆயிற்று என்று சொல்லி விடுகிறேன். கடைக்காரர் திரும்ப வாங்காத அந்த 32 ஜி.பி. கார்டு மைக் செட் அண்ணனின் பிளேயரில் கச்சிதமாக ஓடியது. அவருடைய 64 ஜி.பி. கார்டு என் அக்கா மகளின் செல்போனுக்குப் போயிற்று. கூடுதல் விலையைக் கொடுக்க அவள் முன்வந்தும் அவர் வாங்கவில்லை. என் 1 ஜி.பி. கார்டு இப்போது கேமராவில் இருக்கிறது. அம்மாவின் ஏழு படங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு சி.டி.யிலும் ஒரு பென் டிரைவிலும் போட்டு, விழுப்புரத்தில் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்டும் எடுத்து வந்து விட்டேன். கையை நீட்டி மறைக்கும் அந்தக் கடைசிப் படத்தைத்தான் அக்கா கண்ணாடி போட்டு மாட்டச் சொன்னாள்.